சென்னைக்குப் புதிதா? உங்கள் தெருவையும் குப்பையையும் யார் பார்க்கிறார்கள்

வேளச்சேரிக்குக் குடிவந்த முதல் ஐப்பசியில் எங்கள் தெருமுனையில் தண்ணீர் பொங்கிக்கொண்டே இருந்தது. மழை விட்டு இரண்டு நாளாகியும் வற்றவில்லை. மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டது என்று நினைத்து மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு மூன்று முறை புகார் கொடுத்தேன். மூன்றாம் நாள் உதவிப் பொறியாளர் ஒருவர் வந்தார். குனிந்து பார்த்ததும், "இது மழைத்தண்ணி இல்லம்மா, கழிவுநீர். மெட்ரோ வாட்டருக்குச் சொல்லுங்க" என்றார். குடிநீரையும் கழிவுநீரையும் பார்க்கும் அந்த வாரியத்துக்குச் சொன்னேன். அன்று மாலையே அடைப்பெடுக்கும் லாரி வந்து நின்றது.

மூன்று நாள் அந்தத் தண்ணீரை மிதித்துக்கொண்டு பள்ளிக்குப் போன பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் மனம் கேட்பதில்லை. வேலை செய்ய ஆள் இருந்தார்கள், லாரி இருந்தது. யாரிடம் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாததுதான் தாமதத்துக்குக் காரணம். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த மூன்று நாள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் இருப்பது எந்த மாநகராட்சி?

முகவரியில் சென்னை என்று எழுதுகிற எல்லாரும் பெருநகர சென்னை மாநகராட்சிக்குள் இருப்பதில்லை. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, செம்பாக்கம் எல்லாம் 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் வருகின்றன. ஆவடி 2019-லேயே தனி மாநகராட்சி ஆகிவிட்டது. இதைக் கவனிக்காமல் சென்னையின் எண்ணுக்குப் பேசி நாட்களை வீணாக்குகிறவர்கள் நிறையப் பேர்.

சென்னை மாநகராட்சியின் எல்லை 2011-இல்தான் இந்த அளவுக்கு விரிந்தது. அதற்கு முன் 174 சதுர கிலோமீட்டர், இப்போது 426. திருவொற்றியூர் முதல் சோழிங்கநல்லூர் வரை 15 மண்டலங்கள், 200 வட்டங்கள் என்று அப்போது பிரித்தார்கள். வட்டத்தைப் பேச்சில் வார்டு என்றும் டிவிஷன் என்றும் சொல்வார்கள், மூன்றும் ஒன்றுதான்.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க எளிய வழி தெருமுனைப் பெயர்ப்பலகை. தெருப் பெயருக்குக் கீழே வட்டம், மண்டலம் எல்லாம் எழுதியிருக்கும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பலகை இல்லாவிட்டால் வீட்டுக்காரரிடம் சொத்துவரி ரசீதைக் கேளுங்கள். அதில் இருக்கும் நீளமான எண்ணின் முதல் பகுதி மண்டலம், இரண்டாவது பகுதி வட்டம். இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. புகார் பதிவு செய்கிறவரும் முதலில் இதைத்தான் கேட்பார்.

அடுத்து, எது யாருடைய வேலை?

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு தெருவில் நின்று சுற்றிப் பாருங்கள். காலடியில் தார்ச்சாலை. ஓரத்தில் கான்கிரீட் மூடி போட்ட வடிகால். சாலை நடுவே வட்டமான இரும்பு மூடி. தலைக்கு மேல் விளக்கு, அதற்குப் பக்கத்தில் மின்கம்பி. பார்வைக்கு ஒரே தெருதான். ஆனால் பராமரிப்பவர்கள் வேறு வேறு.

உட்புறத் தெருக்கள், நடைபாதை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை, பூங்கா, கொசு மருந்து, தெருநாய், செத்துக் கிடக்கும் விலங்கை அப்புறப்படுத்துவது இவையெல்லாம் மாநகராட்சி. எண் 1913, எந்நேரமும் எடுப்பார்கள். 'நம்ம சென்னை' செயலியிலும் படத்தோடு புகார் போடலாம்.

குடிநீர், கழிவுநீர் இரண்டும் சென்னைக் குடிநீர் வாரியம். எல்லாரும் மெட்ரோ வாட்டர் என்றுதான் சொல்வார்கள். எண் 044 4567 4567. சாலை நடுவில் இருக்கும் அந்த வட்ட மூடி அவர்களுடையது. அது உடைந்தாலும் பொங்கினாலும் அவர்களிடம்தான் சொல்ல வேண்டும்.

மழைநீர் வடிகாலையும் கழிவுநீர்க் குழாயையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். வடிகால் தெரு ஓரத்தில் நீளமாகப் போகும், நடுநடுவே சதுர மூடியோ கம்பிச் சல்லடையோ இருக்கும். கழிவுநீர்க் குழாய் பூமிக்குள் ஆழத்தில் போகும், மேலே தெரிவது வட்ட மூடி மட்டும். தேங்கிய தண்ணீர் மழைவிட்ட பிறகும் ஊறிக்கொண்டே இருந்து, கறுத்து, நாற்றமும் அடித்தால் அது பெரும்பாலும் கழிவுநீர். சில இடங்களில் வீட்டுக் கழிவுநீரைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் விட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் இரண்டு இடத்துக்கும் சொல்வது நல்லது.

மின்சாரம் மின்வாரியம். அவர்களுடைய புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. தெருவிளக்கு எரியாவிட்டால் மாநகராட்சி, தெருவுக்கே மின்சாரம் இல்லாவிட்டால் மின்வாரியம். கம்பி அறுந்து கிடந்தாலோ மரம் கம்பி மேல் விழுந்தாலோ முதல் அழைப்பு மின்னகத்துக்குத்தான். மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் மரத்தில் யாரும் கைவைக்க முடியும். அதுவரை அந்தப் பக்கம் யாரையும் விடாதீர்கள்.

சாலைகளிலும் ஒரு பிரிவு உண்டு. அண்ணா சாலை போன்ற பெருஞ்சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. பேருந்து ஓடும் மற்ற பல சாலைகளை மாநகராட்சியின் பேருந்துத் தடச் சாலைகள் துறை பார்க்கிறது. நீங்கள் குடியிருக்கும் உள்தெரு மண்டல அலுவலகத்தின் பொறுப்பு. முப்பதாயிரத்துக்கும் அதிகமான உள்தெருக்கள் இருக்கின்றன. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு நடக்கிறது. அதற்காகத் தடுப்பு வைத்து மறித்த இடத்தில் சாலை குண்டும் குழியுமாக இருந்தால், அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் மெட்ரோ ரயில் நிறுவனமும் அவர்களுடைய ஒப்பந்ததாரரும்.

பெயரால் வரும் குழப்பம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொதுப்பணித் துறை என்று ஒன்று இருக்கிறதே, தெருவை அவர்கள்தானே பார்ப்பார்கள் என்று வெளிமாநிலத்திலிருந்து வந்த நண்பர்கள் கேட்பதுண்டு. தமிழ்நாட்டில் அந்தத் துறை அரசுக் கட்டடங்களைப் பார்க்கிறது. ஏரி, ஆறு, கால்வாய் நீர்வளத் துறைக்குப் போய்விட்டன. உங்கள் தெருவுக்கும் பொதுப்பணித் துறைக்கும் சம்பந்தமில்லை.

குப்பையைப் பிரிப்பது எப்படி

காலையில் பேட்டரி வண்டி வரும். உங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள், பக்கத்து வீட்டில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். வண்டியில் நிறம் பிரித்த தொட்டிகள் இருக்கும். வீட்டிலும் அதேபோல மூன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

பச்சையில் மக்கும் குப்பை. காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, டீத்தூள், முட்டை ஓடு, வாடிய பூ, வாழையிலை. நீலத்தில் மக்காத உலர்குப்பை. பால் கவர், பிளாஸ்டிக் டப்பா, காகிதம், அட்டைப்பெட்டி, பாட்டில், தகரம். சிவப்பில் வீட்டில் சேரும் அபாயக் குப்பை. பழைய பேட்டரி, டியூப்லைட், காலாவதியான மாத்திரை, ஊசி, பெயின்ட் டப்பா, கொசு மருந்துப் புட்டி. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே ஒவ்வொரு வீடும் இப்படிப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டன.

பிளாஸ்டிக் பையில் கட்டி மக்கும் குப்பையைக் கொடுக்காதீர்கள். தொட்டியில் நேராகக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவிக்கொள்ளுங்கள். அடியில் ஒரு செய்தித்தாளை விரித்தால் ஒட்டாது. பையில் கட்டிக் கொடுத்தால் ஒவ்வொரு பையையும் யாரோ ஒருவர் கையால் கிழித்துக் கொட்ட வேண்டியிருக்கிறது. பால் கவரை ஒரு தடவை அலசிக் காயவைத்துப் போட்டால் நீலத் தொட்டி நாறாது, பழைய பொருள் வாங்குகிறவரும் எடுத்துக்கொள்வார்.

நாப்கின், குழந்தைகளின் டயபர் இவற்றைத் தனியாகத் தாளில் சுற்றி, மேலே ஓர் அடையாளம் போட்டுத் தனியாகக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியையும் ஊசியையும் அட்டையில் வைத்துச் சுற்றி, என்ன இருக்கிறது என்று எழுதுங்கள், அல்லது கொடுக்கும்போது வாயால் சொல்லுங்கள். எங்கள் தெருவுக்கு வரும் அக்காவின் உள்ளங்கையில் இரண்டு தையல் தழும்பு இருக்கிறது. பையில் மறைந்திருந்த கண்ணாடித் துண்டுதான் கிழித்தது. கையுறை போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "போட்டுத்தான் இருந்தேன், அதையும் சேர்த்துக் கிழிச்சிருச்சு" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பிளேடு கூடச் சுற்றாமல் வெளியே போனதில்லை.

பெரிய அடுக்ககத்தில் இருக்கிறீர்கள் என்றால் சங்கத்தில் ஒன்று கேளுங்கள். நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களையும், 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள குடியிருப்பு வளாகங்களையும் அந்த 2016 விதிகள் தனியாகக் குறிப்பிட்டன. மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டியது அவர்கள் கடமை. வாடகைக்கு இருப்பவருக்கு இதில் என்ன என்று நினைக்க வேண்டாம். பராமரிப்புக் கட்டணம் நீங்களும் சேர்ந்து கொடுப்பதுதானே.

வண்டியில் ஏறிய குப்பை எங்கே போகிறது

இதைத் தெரிந்துகொண்டால் பிரித்துக் கொடுப்பதில் அலுப்பு வராது.

பிரித்து வந்த மக்கும் குப்பை வார்டுகளில் இருக்கும் சிறு உரக்கூடங்களுக்கும், உயிர்வாயு தயாரிக்கும் ஆலைகளுக்கும் போகிறது. சேத்துப்பட்டில் அப்படி ஓர் ஆலை இருக்கிறது. ஓட்டல், சந்தைக் குப்பையிலிருந்து வாகனத்துக்கான எரிவாயு தயாராகிறது. உலர்குப்பை தரம் பிரிக்கும் கூடங்களில் பாட்டில் தனி, அட்டை தனி, பால் கவர் தனி என்று பிரிந்து மறுசுழற்சிக்குப் போகிறது. எதற்கும் உதவாத பிளாஸ்டிக்கை சிமென்ட் ஆலைகள் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன.

பிரிக்காமல் கலந்து கொடுத்தால்? அது கம்பாக்டர் லாரியில் அழுத்தப்பட்டு, வட சென்னையாக இருந்தால் கொடுங்கையூருக்கும், தென் சென்னையாக இருந்தால் பெருங்குடிக்கும் போகிறது. நகரத்தில் ஒரு நாளைக்குச் சேரும் குப்பை 5,000 டன்னுக்கு மேல். பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். பூநாரைகள் வந்து இறங்கும் அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் குப்பைமேடு தீப்பிடித்துப் பல நாள் எரிந்தது. எங்கள் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் புகை வாடை. எங்களுக்கே அப்படி என்றால் கிடங்கை ஒட்டிக் குடியிருப்பவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்.

இரண்டு கிடங்குகளிலும் பயோமைனிங் நடக்கிறது. பல ஆண்டுகளாகக் குவிந்த பழைய குப்பையைத் தோண்டி, சல்லடையில் சலித்து, மண், கல், எரியக்கூடியது என்று பிரித்து வெளியேற்றுகிறார்கள். முதலில் பெருங்குடியில் தொடங்கிப் பெரும்பகுதி நிலம் மீண்டது, பிறகு கொடுங்கையூருக்கு வந்தார்கள். நாம் இன்று காலை கலந்து கொட்டியதை நாளைக்கு யாரோ இதே மாதிரி சலிக்க வேண்டியிருக்கும். வீட்டில் பிரிக்க இரண்டு நிமிடம்தான் ஆகிறது.

கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை அமைக்கும் திட்டத்தை வட சென்னை மக்கள் கடுமையாக எதிர்க்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்தான். நகரத்தின் பாதிக் குப்பையை இத்தனை காலம் சுமந்தவர்கள் தலையில் புகைபோக்கியையும் ஏற்றுவது நியாயமில்லை.

வண்டியில் போடக் கூடாதவை

வீட்டில் சின்ன மராமத்து செய்தால் சிமென்ட் கட்டி, உடைந்த டைல்ஸ், செங்கல் சேரும். சென்னைப் பேச்சில் அதற்கு ரப்பிஸ் என்று பெயர். அதைத் தெருமுனையில் கொட்டாதீர்கள். அப்படிக் கொட்டியதுதான் முதல் மழையில் கரைந்து வடிகாலுக்குள் இறங்கும். ஒவ்வொரு மண்டலத்திலும் கட்டட இடிபாட்டுக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், உங்களுக்குப் பக்கத்தில் எது என்று 1913-இல் கேட்டால் சொல்வார்கள். அங்கே சேர்வது பெருங்குடி, கொடுங்கையூர் ஆலைகளில் பொடியாகி மணலாகவும் ஜல்லியாகவும் திரும்புகிறது. மேஸ்திரியிடம் வேலை பேசும்போதே "ரப்பிஸை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்" என்று கேட்டுவிடுங்கள். வண்டிக் கூலியையும் சேர்த்துப் பேசிவிட்டால் இரவில் கால்வாய் ஓரத்தில் கொட்டும் பேச்சுக்கே இடமில்லை. பொது இடத்தில் குப்பை கொட்டுவதற்கான அபராதம் 2024-இல் 500 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்திருக்கிறது.

பழைய சோபா, மெத்தை, கட்டில் இவற்றை வாசலில் போட்டு வைக்க வேண்டாம். 1913-இல் முன்பதிவு செய்தால் சனிக்கிழமைகளில் வந்து எடுத்துப் போகும் ஏற்பாடு இருக்கிறது.

கழிவுநீர்த் தொட்டி உள்ள வீடு என்றால் ஒரு விஷயம். தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யலாம், செலவு குறைவு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளவே கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-இன் சட்டப்படி அது குற்றம். உள்ளே இருக்கும் வாயு சில நொடிகளில் உயிரை எடுத்துவிடும். 14420 என்ற எண்ணில் சொன்னால் லாரிக்கு வழிசெய்வார்கள்.

சாலை போடும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்

உள்தெருவில் தார் போடுவது நாலைந்து ஆண்டுக்கு ஒரு முறை வருகிற நிகழ்ச்சி. வேலை நல்லபடி நடக்கிறதா என்று பார்க்கப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலாவது மில்லிங், அதாவது பழைய தாரைச் சுரண்டி எடுப்பது. பழைய தார் மேலேயே புதுத் தாரைப் போட்டால் சாலை ஒவ்வொரு முறையும் ஏறும், வீடு தாழும், மழைத்தண்ணீர் வாசல் வழியாக உள்ளே வரும். சென்னையின் பழைய தெருக்களில் படியிறங்கிப் போகிற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வீடுகளைக் கட்டும்போது படியேறித்தான் போனார்கள். 2021-இல் அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று எல்லாத் துறைக்கும் எழுதினார். ஆகவே சுரண்டாமல் வேலை தொடங்கினால் அங்கேயே நின்று கேளுங்கள். தார் விழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை. வாசல்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை முன்பே ஓர் அளவுநாடா வைத்துப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. எங்கள் தெருவில் அந்தப் படத்தைக் காட்டித்தான் பேசினோம்.

சுரண்டிய பிறகு தூசியைப் பெருக்க வேண்டும். பிறகு மெல்லிய தார்க் குழம்பைத் தெளிப்பார்கள், புதுத் தளம் பழையதோடு பிடிக்க அதுதான் பசை. அப்புறம் சுடச்சுட வரும் ஜல்லிக் கலவை. லாரியில் தார்ப்பாய் மூடி வர வேண்டும், ஆறிப்போன கலவை உருளை எத்தனை முறை ஓடினாலும் இறுகாது. மழை தூறும்போது போட்டால் அந்தத் தளம் ஒரு பருவம்கூடத் தாங்காது. வட்ட மூடிகளும் வடிகால் சல்லடைகளும் தாருக்குள் புதைந்துவிடாமல் சாலை மட்டத்துக்கு உயர்த்தப்பட்டிருக்கின்றனவா என்று கடைசியில் பாருங்கள். சாலை நடுவில் லேசாக மேடாக இருந்து இரு பக்கமும் சரிய வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை நடுவில் ஊற்றினால் அது ஓரத்துக்கு ஓடுகிறதா என்று தெரிந்துவிடும்.

நாம் பிரித்துக் கொடுக்கும் பிளாஸ்டிக்குக்கும் தார்ச்சாலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ரா. வாசுதேவன், பிளாஸ்டிக் துண்டுகளைச் சூடான ஜல்லி மேல் உருக்கிப் பூசி, அதோடு தாரைக் கலக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 2002-இல் நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் அப்படிச் சாலை போட்டார்கள். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தென்னாட்டுக் கல்லூரி ஆய்வகத்தில் பிறந்தது நாடு முழுக்கப் போயிருக்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான்.

போட்ட சாலை சீக்கிரம் பெயர்ந்தால் அதைத் திரும்பச் சரிசெய்து கொடுக்க வேண்டிய காலம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். அந்தக் காலம் முடிவதற்குள் புகார் கொடுத்தால் செலவு ஒப்பந்ததாரருடையது. எத்தனை ஆண்டு என்று தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்குக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

புதுக் குடிநீர் இணைப்புக்கோ வேறு எதற்கோ சாலையை வெட்ட வேண்டியிருந்தால் நீங்களே ஆள் வைத்துத் தோண்டாதீர்கள். சாலை வெட்டு அனுமதி வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. பருவமழை நெருங்கினால் அவசர வேலை தவிர வெட்டு அனுமதியை நிறுத்திவிடுவார்கள். அதனால் அப்படிப்பட்ட வேலைகளை ஆடிக்குள் முடித்துக்கொள்ளப் பாருங்கள்.

புகார் எழுதும் விதம்

"எங்கள் ஏரியாவில் லைட் எரியவில்லை" என்று சொன்னால் எந்த லைட் என்று தேடவே ஒருவர் வர வேண்டும். கம்பத்தில் எண் எழுதியிருக்கும். "மண்டலம் 13, இந்த வட்டம், இந்தத் தெரு, இந்தக் கதவு எண்ணுக்கு எதிரில், கம்பம் எண் இது" என்று சொல்லிப் பாருங்கள். வேலையாள் ஏணியோடு நேரே அங்கே வந்து நிற்பார். பள்ளத்துக்கும் அப்படித்தான். படத்தில் பள்ளத்தோடு பக்கத்துக் கடைப் பலகையோ வாசலோ சேர்ந்து தெரியட்டும்.

புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை நடக்காமலே முடிந்தது என்று குறுஞ்செய்தி வந்தால் மனம் விடாமல் அன்றைய படத்தோடு மறுபடி பதிவு செய்யுங்கள். அப்போதும் அசையவில்லையா, வார்டு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். சாலை, வடிகாலுக்கு உதவிப் பொறியாளர். எல்லாரும் ஏ.இ. என்பார்கள். குப்பைக்குத் துப்புரவு ஆய்வாளர். காலை ஏழு, எட்டு மணிக்கு அவர்கள் பெரும்பாலும் தெருவில்தான் இருப்பார்கள், அலுவலகத்தில் காத்திருப்பதைவிட அங்கேயே பிடிப்பது எளிது. அதற்கு மேல் மண்டல அலுவலகம், உங்கள் மாமன்ற உறுப்பினர். கடைசியாக முதல்வரின் முகவரித் துறை, எண் 1100. வார்டுக் குழுவும் பகுதி சபையும் கூடும்போது போய் உட்காருங்கள். வாடகைக்கு இருப்பவர் பேசக் கூடாது என்று எங்கும் இல்லை.

தெருவைப் பெருக்குகிறவர்கள்

முன்பு துப்புரவுப் பணியாளர் என்றார்கள், 2020 முதல் அரசு ஆவணங்களில் தூய்மைப் பணியாளர். பெயர் மாறியது நல்லதுதான். சம்பளமும் பணிப் பாதுகாப்பும்தான் இன்னும் பேச வேண்டியவை. சென்னையில் குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுக்கும் வழக்கம் 2000-இலேயே தொடங்கிவிட்டது. இன்று பெரும்பாலான மண்டலங்களில் தனியார் ஒப்பந்தம்தான். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலப் பணியாளர்கள் இதை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். பெருமழைக்கு மறுநாளும் தீபாவளிக்கு மறுநாளும் நமக்கு முன் தெருவில் நிற்பது அவர்கள்தான், அவர்கள் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன்.

உங்கள் தெருவுக்கு வருகிறவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், வெயில் நாளில் மோர் கொடுங்கள். வண்டி வராத நாளில் திட்டுவதற்கு முன் ஆள் போதுமா, வண்டி பழுதா என்று விசாரியுங்கள். புகார் போவது ஆய்வாளருக்காக இருக்கட்டும், அந்தப் பணியாளரின் தலையில் விழ வேண்டாம்.

மாதம் பார்த்துச் செய்ய வேண்டியவை

ஆடி, ஆவணியில் வடிகால் தூர்வாருவார்கள். அள்ளிய சேற்றை ஓரத்தில் குவித்து, கொஞ்சம் காய்ந்ததும் எடுத்துப் போக வேண்டும். இரண்டு மூன்று நாளாகியும் அங்கேயே கிடந்தால் உடனே சொல்லுங்கள், ஒரு மழை வந்தால் எல்லாம் திரும்ப உள்ளே போய்விடும். உங்கள் வீட்டுக்கு எதிரில் உள்ள சல்லடையில் இலையும் கவரும் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் எடுத்துவிடலாம். அதற்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நின்றால் வட்ட மூடியைத் திறந்துவிட்டால் வடியும் என்று யாராவது கம்பியோடு வருவார்கள். விடாதீர்கள். தண்ணீருக்கு அடியில் திறந்த குழி தெரியாது, நடந்து வருகிறவர் உள்ளே போய்விடுவார். ஏற்கெனவே திறந்திருந்தால் ஒரு மரக்கிளையை நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டு, மெட்ரோ வாட்டருக்குச் சொல்லி, ஆள் வரும்வரை யாராவது பக்கத்தில் நில்லுங்கள்.

மார்கழி கடைசியில் போகி வரும். பழைய டயர், பாய், பிளாஸ்டிக் சாமான்களை எரிக்காமல் தரச் சொல்லி மாநகராட்சி ஒவ்வோர் ஆண்டும் தனியாக வண்டி அனுப்புகிறது. வண்டி எந்த நாட்களில் வரும் என்று பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே வார்டு அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டயரை மட்டும் மாடியில் மழைத்தண்ணீர் தேங்கும்படி அதுவரை போட்டு வைக்காமல், படிக்கட்டுக்கு அடியில் மழை படாமல் வையுங்கள்.